பஸ்ஸில் வந்த ஆற்றுத் தண்ணீர்

காலாண்டு விடுமுறைக்கு மணப்பாட்டுக் கடற்கரைக்குப் போகிறோம் என்று முடிவானதும் என் மாமியார் முதலில் கேட்டது, "அங்கன தண்ணி எப்படி?" என்பதைத்தான். வீடு எப்படி, எத்தனை அறை, கடல் எவ்வளவு பக்கம், எதையும் கேட்கவில்லை. தச்சநல்லூரில் பிறந்து தச்சநல்லூரிலேயே வாழ்க்கைப்பட்டவர் அவர். தாமிரபரணித் தண்ணீரைத் தவிர வேறெதையும் தண்ணீர் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஒருமுறை மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போனவர், அங்கே காபியைத் தொடாமல் இருந்து தலைவலியோடு திரும்பி வந்தார்.

எனக்கு வேறு கவலை. சில வருடங்களாக எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். துறைமுகத்தில் இறங்கும் சரக்குப் பெட்டகங்கள் எங்கே கிடக்கின்றன, எந்தக் கப்பலில் ஏறும் என்று காட்டும் மென்பொருள் எங்களுடையது. வெயில் காலம் முடிந்த கையோடு, எல்லோரும் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று மெயில் வந்துவிட்டது. என் கணவருக்குத் தச்சநல்லூரில் கடை. ஆணி, பெயின்ட், பைப் என்று எல்லாம் விற்கிறார். அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சென்னைக்கு வர முடியாது. மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஒன்று, நான் மட்டும் போய் விடுதியில் தங்க வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும். வேளச்சேரியில் ஒரு விடுதியைப் போனில் விசாரித்தும் வைத்திருந்தேன். அது தெரிந்த நாளிலிருந்து வீட்டில் ஒருவரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தாலாவது சண்டை போடலாம். எடுக்காமல் இருந்து என் எரிச்சலைக் கூட்டினார்கள்.

என் மேலாளர் நல்ல மனுஷி. "சிங்கப்பூர்க் கம்பெனிக்காரங்களுக்கு நம்ம மென்பொருளோட புதுப் பதிப்பை நீங்கதான் ஓட்டிக் காட்டணும். ஊர்லேர்ந்தே தடங்கல் இல்லாம முடிச்சுக் காட்டுங்க, மேல நான் பேசறேன். நடுவுல கட் ஆச்சுன்னா அப்புறம் நான் வாயைத் திறக்க முடியாது" என்று சொல்லியிருந்தார். சிங்கப்பூர்க்காரர்கள் தேதியைத் தள்ளித் தள்ளி, நாங்கள் மணப்பாட்டில் இருக்கப்போகும் வாரத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள்.

"பேசாம பயணத்த ரத்து பண்ணிருவோம்" என்றேன் கணவரிடம்.

"பிள்ள கடலு கடலுன்னு குதிச்சிக்கிட்டு கெடக்கா. அங்கன வீட்டுல நெட்டு இருக்கு, கரண்டு இருக்கு. நீ வேலையப் பாரு, நாங்க கடலப் பாக்கோம்."

"அப்ப நான் கடலப் பாக்க வேண்டாமா?"

"நீயும் பாரு. யாரு வேண்டாங்கா?"

கிளம்பும் நாளன்று எங்கள் சின்னக் காரைப் பார்த்தால் யாருக்கும் பாவமாக இருந்திருக்கும். போவது மீன் பிடிக்கிற ஊர், நாங்களோ சைவம். அதனால் அத்தை சட்டி, பானை, கரண்டி, காபி வடிகட்டி வரை சொந்தமாக எடுத்து வைத்திருந்தார். அதன் பிறகு தண்ணீர்க் கேன்கள் வந்தன. வீட்டுக் குழாயில் முந்தின நாள் பிடித்து, துணி போட்டு வடிகட்டி, மூடி இறுக்கியவை. டிக்கியில் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். கடைசிக் கேனுக்கு இடமில்லை. கணவர் அதை இப்படித் திருப்பி, அப்படிச் சாய்த்துப் பார்த்துவிட்டு முன்னறையிலேயே வைத்துவிட்டார். அத்தை அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே காரில் ஏறினார்.

மாமா வரவில்லை. "வீட்டப் பூட்டிப் போட்டுட்டு எல்லாரும் ஒண்ணா போவக் கூடாது" என்பது அவருடைய சட்டம். எனக்குக் கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வீட்டை நான் பூட்டிப் பார்த்ததில்லை. கல்யாணமோ, காரியமோ, ஒரு ஆள் வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஆள் எப்போதும் மாமாதான். வாசலில் நின்று, "பைய போங்க" என்று கையசைத்தார்.

ஸ்ரீவைகுண்டம் வரை வயலும் வாழையும் கூடவே வந்தன. திருச்செந்தூரைத் தாண்டியதும் மண் சிவந்து, பனைகள் கூட்டமாகி, காற்று உப்பாகிவிட்டது. மகள் ஜன்னலில் தலையை நீட்டி, "கடல் வாசம் வருது, கடல் வாசம் வருது" என்று கத்த ஆரம்பித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்குச் சமமாக எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. இத்தனை வருடமாகக் கப்பல் கப்பலாகத் திரையில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். கோவிலுக்கு வந்த இடத்தில் அவசர அவசரமாக ஒரு முங்கு போட்டதைத் தவிர, கடல் பக்கத்தில் ஒரு இரவுகூடத் தூங்கியதில்லை.

வீட்டுக்கார அக்கா தெருமுனைக்கே வந்து எங்களைக் கூட்டிப் போனார். கீழ்வீட்டில் அவர் இருந்தார், மாடி எங்களுக்கு. கப்பலில் வேலை பார்க்கும் மகனோடு முகம் பார்த்துப் பேசுவதற்கென்றே நல்ல இணைய இணைப்பு வாங்கி வைத்திருந்தார். மாடி ஜன்னலைத் திறந்தால், மணலுக்கு அப்பால் கடல் முழுவதுமாகக் கிடந்தது. மகள் என் கையைக் கிள்ளினாள்.

கேன்கள் ஒவ்வொன்றாக மாடியேறுவதைப் பார்த்து அந்த அக்கா திகைத்துப் போனார். "எதுக்குங்க இம்புட்டுத் தண்ணி? இங்க குழாயில நல்ல தண்ணிதான வருது. தாமிரபரணித் தண்ணி. அங்கேருந்துதான் பைப்புல கொண்டாந்து விடுறாங்க."

நான் படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது. கணவர் வேர்வை வழிய, கேனைத் தோளில் வைத்தபடி அப்படியே நின்றார். அத்தை மட்டும் அசரவில்லை. ஒரு டம்ளர் பிடித்து வாயில் ஊற்றி, கண்ணை மூடி யோசித்து, "அது இல்ல இது" என்று தீர்ப்புச் சொன்னார்.

"அத்தை, நம்ம வீட்டுலயும் பைப்புலதான வருது?"

"நம்ம வீட்டுக் குழாய் வேறல்லா" என்றார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கேன் தண்ணீர் குடிக்கவும் காபிக்கும் மட்டும்தான், கை கழுவ யாராவது தொட்டால் தெரியும் சேதி என்றும் அறிவித்தார்.

அன்று சாயங்காலம் கடலில் இறங்கினோம். ஆற்றில் குளித்தே பழகியவர்கள் நாங்கள். படித்துறையில் ஒவ்வொரு படியாக இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு நாமாக முங்க வேண்டும். கடலில் அந்த வேலையே இல்லை, அதுவே வந்து முக்கிவிடுகிறது. முதல் அலையில் நான் உட்கார்ந்தேன், இரண்டாவதில் படுத்தேன், மூன்றாவதில் என் செருப்பு தூத்துக்குடிப் பக்கம் கிளம்பிப் போனது. மகள் கரைக்கும் அலைக்குமாக ஓடிக் கூப்பாடு போட்டாள். நானும் போட்டேன். அலை இழுக்கும்போது காலடியில் மணல் கரைகிறதே, அந்தக் கூச்சத்துக்குச் சிரிக்காமல் இருக்க யாராலும் முடியாது. கணவர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஒரு கையில் போனை உயரத் தூக்கிப் பிடித்து, "அண்ணாச்சி, முக்கா இஞ்சு எல்போதான? மேல் தட்டுல கெடக்கும், பையன எடுத்துத் தரச் சொல்லுங்க" என்று அலைக்குள் நின்று வியாபாரம் பார்த்தார். அத்தை கரையில் சேலையை இழுத்துச் செருகி உட்கார்ந்து, "போதும் ஏறுங்க, போதும் ஏறுங்க" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். இருட்டும் நேரத்தில் தொடுவானில் ஒரு கப்பலின் விளக்கு தெரிந்தது. நான் தினமும் திரையில் பார்க்கும் பச்சைப் புள்ளிகளில் ஒன்று நிஜமாகவே மிதந்து போகிறது என்று தோன்றவும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

உப்புத் தலையோடு மாடியேறி, மறுநாள் வேலையை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று மடிக்கணினியைத் திறந்தேன். பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. சார்ஜரைத் தேடினேன். கணினிப் பையின் ஜிப் போன மாதமே பழுதாகிவிட்டதால், சார்ஜரையும் மற்ற வயர்களையும் ஜவுளிக்கடைத் துணிப்பை ஒன்றில் போட்டு டிக்கியில் வைத்திருந்தேன். காரில் பை இல்லை, மாடியிலும் இல்லை.

"நீலத் துணிப்பையா?" என்றார் அத்தை. "அத நான்தாம்ட்டி எறக்கி முன்னறையில வச்சேன். பழைய துணியாக்கும்னு நெனச்சேன். கேனு உக்கார எடம் வேணும்லா?"

என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. அத்தையிடம் நேராகக் கோபப்படும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லாததால் எல்லாவற்றையும் கணவர் மீது கொட்டினேன். தண்ணீர், கேன், ஆறு, அந்த ஆறு புறப்பட்டு வரும் மலை, எதையும் மிச்சம் வைக்கவில்லை. நான் ஓயட்டும் என்று அவர் காத்திருந்துவிட்டு, "இதுக்குப் போயி! அப்பாட்டச் சொல்லி மொத பஸ்ல குடுத்துவிடச் சொல்லுவோம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். மருந்தோ, பத்திரிகையோ, மறந்த கண்ணாடியோ, கண்டக்டரிடம் கொடுத்து பஸ் நம்பரைச் சொல்லிவிட்டால், அந்தப் பக்கம் பஸ் நிலையத்தில் போய் வாங்கிக்கொள்ளலாம். கணவர் மாமாவைப் போனில் பிடித்தார். "அப்பா, முன்னறையில நாங்க விட்டுட்டு வந்தது இருக்குல்லா, அத விடியக்காலம் மொத பஸ்ல குடுத்துவிடுங்க. ரொம்ப அவசரம்!" என்று அவர் சொல்லும்போதே சிக்னல் போய்விட்டது. காலையில் மாமாவிடமிருந்து செய்தியும் வந்தது. கொடுத்துவிட்டாராம், பஸ் நம்பர் இதுவாம். எனக்கு உயிர் வந்தது.

கணவர் காரை எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் போனார். பஸ் வந்தது. கண்டக்டர் சீட்டுக்கு அடியிலிருந்து இழுத்து, "பிடிங்க அண்ணாச்சி, என்னா கனம் கனக்கு!" என்று அவர் கையில் கொடுத்தது, முன்னறையில் இருந்த அந்தக் கடைசித் தண்ணீர்க் கேன்.

கணவர் போனில் விஷயத்தைச் சொன்னபோது முதலில் எனக்குப் புரியவே இல்லை. புரிந்தவுடன் மாமாவுக்கே போன் போட்டேன். அவரிடம் நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்குக் குரல் தானாகவே உயர்ந்துவிட்டது.

"ரெண்டும் முன்னறையிலதாம்மா இருந்துச்சு" என்றார் மாமா. "பைக்குள்ள பாத்தேன், என்னமோ வயரு கெடந்துது. வயருக்கு யாராவது பஸ்ல சொல்லிவிடுவாங்களா? தண்ணிதான் பத்தாமப் போச்சுன்னு நெனச்சேன்."

"மாமா, அந்த வயரு இல்லன்னா நான் மெட்ராசுக்குப் போவணும். தனியாப் போவணும். இன்னைக்குப் பதினோரு மணிக்கு நான் வேலைய ஓட்டிக் காட்டலன்னா அவ்வளவுதான்."

மாமா "வையிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதன் பிறகு அடித்த போன் எதையும் அவர் எடுக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் கொடுத்துவிட்டிருப்பார் என்று கணவர் திருச்செந்தூரிலேயே காத்திருந்தார். இடையில் அங்கிருந்த போன் கடைகள் ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க ஏறி இறங்கினார். எல்லாவற்றிலும் போன் சார்ஜர் சரம் சரமாகத் தொங்கியது. என் கணினிக்குப் பொருந்தும் முனை ஒன்றிலும் இல்லை.

பதினோரு மணிக்கு மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன், வேண்டாததையெல்லாம் மூடினேன். மகள் ஜன்னலோரத்தில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் தெரிந்தால் கையைத் தூக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்று அவளோடு ஒப்பந்தம். அத்தை கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். கீழ்வீட்டு அக்கா எனக்காக அன்று மிக்சி போடாமல், அம்மியில் தேங்காய் அரைத்ததாகப் பிறகு தெரிந்தது.

சிங்கப்பூரிலிருந்து நான்கு முகங்கள். சென்னையிலிருந்து என் மேலாளரின் முகம். நான் பேச ஆரம்பித்தேன். விசித்திரம் என்னவென்றால், பேச ஆரம்பித்ததும் பயம் விட்டுப்போனது. முந்தின நாள் இருட்டில் பார்த்த விளக்கு ஞாபகத்துக்கு வந்தது. இந்தப் பெட்டகம் இந்தக் கப்பலில் ஏறுகிறது, இந்த வழியாகப் போகிறது என்று சொல்லும்போது, ஜன்னலுக்கு வெளியே கை காட்டுகிற மாதிரி சொன்னேன். அவர்கள் கேள்வி கேட்டார்கள், நான் பதில் சொன்னேன். இப்படி ஒருநாளும் நான் பேசியதில்லை, எனக்கே உற்சாகம் தாங்கவில்லை. ஆனால் மூலையில் பேட்டரி சிவந்துவிட்டது. முக்கியமான கடைசிப் பகுதி இன்னும் மிச்சம் இருந்தது.

மகள் கையைத் தூக்கினாள். ஒப்பந்தத்தை மறந்து வாயையும் திறந்தாள். "அன்னா வாராங்க! தாத்தா வாராங்க!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு திறந்தது. மாமா, நெற்றியில் திருநீறும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக, கைப்பிள்ளையைக் கொண்டுவருவது போல நீலத் துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். காமிராவில் தன் முகம் விழக் கூடாது என்று யார் சொன்னார்களோ, தரையில் மண்டியிட்டு, நாற்காலிக் கால்களுக்கு நடுவே தவழ்ந்து வந்தார். சுவரில் பிளக்கைச் செருகி, மறுமுனையை என் கையில் கொடுத்தார். நான் குத்தினேன், விளக்கு எரிந்தது. எழுந்திருக்கும்போது அவர் தலை மேசையில் இடித்து, திருநீற்று நெற்றி சரியாகத் திரையில் எழும்பியது. சிங்கப்பூர்க்காரர்கள் நால்வரும் பார்த்தார்கள். மாமா அவர்களைப் பார்த்து, "வணக்கம்" என்று கும்பிட்டார்.

"என் மாமனார்" என்றேன் ஆங்கிலத்தில். "மின்சாரம் கொண்டுவந்திருக்கிறார்."

நால்வரும் சிரித்துவிட்டார்கள். ஒருவர் பதிலுக்குக் கும்பிட்டார். நான் மீதியையும் ஓட்டிக் காட்டினேன்.

முடிந்த பிறகு அறைக்கு வெளியே வந்தால், படியில் மாமாவும் அத்தையும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். "வீட்ட யாரு பாக்கா?" என்று அத்தை கேட்டுக்கொண்டிருந்தார்.

"பூட்டிட்டு வந்துட்டேன்" என்றார் மாமா. இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்துக் காட்டினார். "கண்டக்டர்ட்ட குடுத்துவிட்டா மறுபடியும் ஏதாவது மாறிப் போயிரும்லா. அதான் நானே வந்துட்டேன். வழியில ரயில்வே கேட்டுல பஸ்ஸ நிப்பாட்டிப் போட்டுட்டான் பாரு, எறங்கி ஓடிருவோமான்னு இருந்துச்சு எனக்கு."

காலையில் கத்தியதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். "காபி குடிக்கீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டேன்.

மேலாளரின் செய்தி உடனே வரவில்லை. சாப்பாடு ஆயிற்று, வெயில் சாய்ந்தது, போன் ஊமையாகவே கிடந்தது. இருந்தால் இருக்கட்டும் என்று மறுபடியும் எல்லோருமாகக் கடலுக்குப் போனோம். மாமா வேட்டியைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினார். முதல் அலை அவரைப் புரட்டிப் போட்டதும், "ஏயப்பா!" என்று கூவினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. மகள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

கரையில் என் போனைக் கையில் வைத்திருந்த கணவர், "ஏட்டி, வா, வா!" என்று கத்தினார். ஓடிப் போய் ஈரக் கையால் வாங்கிப் படித்தேன். அலுவலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. நான் ஊரிலிருந்தே பார்க்கலாம். உங்கள் மாமனாருக்கு என் வணக்கம் என்று கடைசியில் மேலாளர் எழுதியிருந்தார்.

நான் குதித்தேன். மகளைத் தூக்கிச் சுற்றினேன். கணவர் நடுக் கடற்கரையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். மாமா அலைக்குள் நின்றபடியே, "என்னவாம்? என்னவாம்?" என்று கேட்டார். "தாத்தா, அம்மா போவல!" என்று மகள் கடலைப் பார்த்துக் கத்தினாள்.

அத்தை மட்டும் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து வீட்டுக்கு நடந்தார். கோபமோ என்று பின்னாலேயே ஓடினேன். வாசலில் காலையில் பஸ்ஸில் வந்த கேன் மூடி திறக்காமல் இருந்தது. அத்தை அதன் மூடியைத் திருகி எடுத்தார்.

"குனி" என்றார்.

"அத்தை, அது குடிக்கிற தண்ணி!"

"உப்புத் தலையோட நிக்காத. குனிட்டி. இனி ஒனக்கு நம்ம ஊருத் தண்ணிக்கா பஞ்சம்?"

நான் குனிந்தேன். கேனை இரண்டு கையாலும் தூக்கிச் சாய்த்து, என் தலையில் அவ்வளவையும் ஊற்றினார்.